ஆசிரியர் அணியை முழுதாக வீடு கொண்டு சேர்ப்பது எப்படி

பெரியகுளத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். ஆண்டுக்கு ஒரு முறை பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறேன். இதுவரை பதினாறு முறை நடத்தியாயிற்று. அவற்றில் முதல் மூன்றைப் போட்டி என்று சொல்ல எனக்கே கூச்சம். முதலாண்டு மாணவர்கள் பயந்துபோய்ப் பந்தை ஆசிரியர்களின் கையிலேயே கொடுத்தார்கள். இரண்டாமாண்டு பயம் தெளிந்து, நாற்பது புள்ளி வித்தியாசத்தில் துவைத்து எடுத்தார்கள். மூன்றாமாண்டு நான் புத்திசாலித்தனம் என்று நினைத்து, ஆசிரியர்களுக்குப் பத்துப் புள்ளியை முன்கூட்டியே கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கினேன். இரண்டு புள்ளியில் ஜெயித்த ஆசிரியர்கள் கோப்பையை வாங்க மேடைக்கே வரவில்லை.

அன்றிலிருந்து ஒரே கொள்கைதான். மாணவர்கள் முழு மனதோடு ஆட வேண்டும், ஆசிரியர்களுக்கு நிஜமாகவே மூச்சுவாங்க வேண்டும். அதற்குப் புள்ளியைத் தானம் செய்யக் கூடாது, விதியில் கை வைக்க வேண்டும். உங்கள் பள்ளியில் இதைத் தொடங்க நினைத்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

நாள் குறிப்பது

எல்லோரும் முதலில் செப்டம்பர் 5-ஐத்தான் சொல்வார்கள். வேண்டாம். ஆசிரியர் தினத்தன்று வாழ்த்துரை, நாடகம், இனிப்பு என்று பிற்பகல் கரைந்துவிடும். காலாண்டுத் தேர்வும் தலைக்கு மேல் நிற்கும். நவம்பர் 14 குழந்தைகள் தினம் மழைக்காலம். ஈரமான சிமெண்டுக் களம் சோப்புத் தண்ணீர் ஊற்றிய குளியலறைக்குச் சமம். ஜனவரியில் பொங்கல், குடியரசு தினம், அதற்குப் பின்னால் செய்முறைத் தேர்வு. நான் பிடித்து வைத்திருப்பது ஆகஸ்ட் 29-ஐ ஒட்டிய வெள்ளிக்கிழமை. தியான் சந்த் பிறந்த நாளான அது தேசிய விளையாட்டு தினம். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கப் போகும்போது கையில் ஒரு காரணம் இருக்கும்.

வெள்ளிக்கிழமைக்குக் காரணம் தொடை. பழக்கமில்லாதவர் ஓடினால் வலி அன்றே வராது. மறுநாள் எட்டிப் பார்க்கும், இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். வெள்ளி ஆடினால் ஞாயிற்றுக்கிழமை வலி வீட்டோடு போகிறது. ஒரு வருடம் புதன்கிழமை நடத்தினேன். வெள்ளியன்று காலை இறைவணக்கத்தில் நான்கு ஆசிரியர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் பக்கம் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தேனி மாவட்டத்தில் பழமொழியாகத் தோன்றாது, செய்தியாகத்தான் தோன்றும். ஜூலையில் திறந்தவெளியில் வளையத்தைப் பார்த்து எறிந்த பந்து சத்துணவுக் கூடத்தில் போய் விழும். ஆவணி பிறந்துவிட்டால் காற்று குறைந்திருக்கும்; நின்றிருக்காது. அதற்கு ஒரு வழி பிறகு சொல்கிறேன்.

ஆள் பிடிப்பது

மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். ஆசிரியர் அறையில் பொதுவாக “யார் யார் வருகிறீர்கள்?” என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பார்கள். ஒவ்வொருவராகத் தனியே பிடிக்க வேண்டும். பத்துப் பேர் தேவை. பன்னிரண்டு கிடைத்தால் நிம்மதி.

நான் முதலில் பிடிப்பது கணக்கு ஆசிரியரை. ஆண்டு முழுவதும் என் விளையாட்டுப் பாடவேளையைக் கடன் வாங்குகிறவர் அவர்தான். “சார், வகைநுண்கணிதம் முடியவில்லை, இன்று மட்டும்” என்று வாரத்துக்கு ஒரு முறையாவது வருவார். வாங்கிய கடனைத் திருப்பித் தந்ததாக இன்றுவரை வரலாறு இல்லை. நான் அதைச் சொல்லிக்காட்டுவதில்லை. “சார், ஆசிரியர் அணிக்கு நீங்கள்தான் தலைவர்” என்று மட்டும் சொல்வேன். அவரால் மறுக்க முடியாது.

தயங்குகிறவர்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். கதை என்றாலும் நடந்ததுதான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் பீச் பழக்கூடைகள் இரண்டை மாடத்தில் ஆணியடித்து இந்த ஆட்டத்தை உண்டாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித், என்னைப் போல ஓர் உடற்கல்வி ஆசிரியர். மொத்தம் 13 விதிகள் எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் பொதுமக்கள் முன்னிலையில் முதல் ஆட்டம் நடந்தது. மோதிய அணிகள் எவை தெரியுமா? நைஸ்மித் வேலை பார்த்த பயிற்சிப் பள்ளியின் மாணவர்களும் ஆசிரியர்களும். சுமார் 200 பேர் பார்த்தார்கள். மாணவர்கள் 5, ஆசிரியர்கள் 1. அந்த ஒன்றைப் போட்டவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக். பின்னாளில் அமெரிக்கக் கால்பந்தில் பெரும் பயிற்சியாளராகப் பெயரெடுத்தவர். “நாம் தோற்றாலும் மரபுப்படிதான் தோற்கிறோம் சார்” என்று முடிப்பேன். இதற்குச் சிரிக்கிறவர் வந்துவிடுவார்.

ஆசிரியைகளை விட்டுவிடாதீர்கள். எங்கள் அணியில் எப்போதும் நான்கு பேர் உண்டு. சேலையில் ஆட வேண்டாம் என்பதை மட்டும் முன்பே பேசிவிட வேண்டும்: சுடிதார், துப்பட்டா குறுக்கே இழுத்து இடுப்பில் முடிச்சு, வளையல் கழற்றி கைப்பையில். மாணவர் அணியிலும் களத்தில் எந்நேரமும் இரண்டு பெண்களாவது இருப்பார்கள். பந்து ஆறாம் எண் அளவு. ஏழாம் எண்ணைவிட அது கொஞ்சம் சிறியது, இலேசானது, எல்லோருடைய கைக்கும் அடங்கும். காற்று சரியா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. தலை உயரத்திலிருந்து விட்டால் இடுப்புக்கு மேல் எழும்ப வேண்டும்.

ஆட வருகிறவர்களிடம் இரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்கும்போது கேளுங்கள், உண்மை வரும். நெஞ்சில் ஏதாவது சிகிச்சை எடுத்தவரென்றால், அவரே வற்புறுத்தினாலும் நடுவர் மேசையில் உட்காரவையுங்கள். அது மரியாதையான இடம்.

இரண்டு வாரம்

பயிற்சியில்லாமல் யாரையும் இறக்காதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரன். முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் இதைப் போன்ற ஓர் ஆட்டம். இயற்பியல் ஆசிரியருக்கு நாற்பத்திரண்டு வயது. கல்லூரி அணியில் ஆடியவர். மதிய உணவு முடித்து நேராகக் களத்தில் இறங்கினார். மூன்றாவது நிமிடம் பந்தைத் துரத்தக் காலை ஊன்றியவர் சட்டென்று திரும்பி, “யார் உதைத்தது?” என்றார். பின்னால் யாருமே இல்லை. குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாண் அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை, பல மாதம் ஊன்றுகோல். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் இரண்டு வாரம், கடைசி மணி அடித்ததும் இருபது நிமிடம். முதல் மூன்று நாள் களத்தைச் சுற்றி வேக நடை மட்டும். பிறகு மெல்லோட்டம், குதிகாலைப் படியின் விளிம்பில் வைத்து மெதுவாக ஏற்றி இறக்குதல், பக்கவாட்டில் நகர்தல். பந்தை நான்காம் நாள்தான் கண்ணில் காட்டுவேன். முதல் நாளே காட்டினால் எல்லோரும் நடுக்கோட்டிலிருந்து கூடை போடப் பார்ப்பார்கள்.

ஷூவையும் அந்த முதல் வாரமே பார்த்துவிடுங்கள். பீரோவுக்கு அடியில் ஆறேழு ஆண்டு கிடந்த ஷூ பார்க்கப் புதிதாக இருக்கும், அடிப்பாகம் உள்ளுக்குள் மக்கிப்போயிருக்கும். எங்கள் வரலாற்று ஆசிரியர் ஒருமுறை பந்தோடு தாவியபோது ஷூவின் மேல்பாகம் அவரோடு போனது, அடிப்பாகம் தனிஎறிக் (ஃப்ரீ த்ரோ) கோட்டிலேயே நின்றுவிட்டது.

பயிற்சியில் நான் ஆசிரியர்களுக்குச் சொல்லித்தருவது மூன்றே விஷயம். ஓடாதீர்கள், பந்தை ஓடவிடுங்கள். தடுக்கும்போது ஆளைத் துரத்தாதீர்கள். முன்னால் இரண்டு பேர், வளையத்துக்கு அருகே மூன்று பேர் என்று இடத்தைக் காத்து நில்லுங்கள். எறியும்போது வளையத்தைப் பார்க்காதீர்கள். பலகையில் வரைந்திருக்கும் சிறிய செவ்வகத்தின் மேல் மூலையைப் பாருங்கள். காற்றுக்கு வழி என்று முன்பு சொன்னது இதுதான். காற்றில் மிதந்துபோகும் பந்து ஏமாற்றும். பலகையில் பட்டுத் திரும்பும் பந்து அவ்வளவாக ஏமாற்றாது. சிறுவர்கள் யாரும் பலகையில் அடிக்க மாட்டார்கள், அது அவர்களுக்கு அழகில்லை. ஆசிரியர்களுக்கு அழகைப் பற்றி என்ன கவலை?

தனிஎறியை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். எங்கள் தமிழம்மா இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, கிணற்றடியில் குடத்துத் தண்ணீரை வீசி ஊற்றுவதுபோலக் கீழிருந்து மேலே எறிவார். மாணவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களைக் கூப்பிட்டு, அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ரிக் பேரி தனிஎறியை இதே முறையில் எறிந்து பத்துக்கு ஏறக்குறைய ஒன்பதைக் கூடையில் போட்டவர் என்று சொன்னேன். நம்பவில்லை. தமிழம்மா அடுத்தடுத்து நான்கு போட்ட பிறகு நம்பினார்கள்.

களம்

முறையான களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். எங்களுடையது நீளத்தில் ஒரு மீட்டர் குறைவு; யாரும் கவலைப்பட்டதில்லை. ஆனால் வளையத்தின் உயரத்தை நாடா வைத்து அளந்துவிடுங்கள்: தரையிலிருந்து 3.05 மீட்டர். ஒருமுறை தரையில் புதிதாக சிமெண்டுப் பூச்சுப் போட்டவர்கள் நல்ல மனதோடு கனமாகவே போட்டுவிட்டார்கள். வளையம் 2.95-க்கு வந்துவிட்டது. அந்த ஆண்டு எல்லா ஆசிரியர்களுக்கும் திடீரென்று ஆட்டம் வந்துவிட்டதாக ஊரே பேசியது.

எங்கள் களம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. போட்டவருக்குச் சூரியன் ஞாபகம் வரவில்லை. மாலை மூன்றே முக்காலுக்குத் தொடங்கினால் மேற்கு வளையத்தைப் பார்த்து ஆடுகிறவர்களுக்குக் கண் கூசும். முதல் பாதியில் அந்தப் பக்கம் மாணவர்கள். இரண்டாம் பாதியில் பக்கம் மாறும்போது வேப்பமரத்து நிழல் வந்துவிடும். இது சலுகை இல்லை, வயதுக்கு மரியாதை.

முந்தின நாள் மாலை களத்தைக் கூட்டி, மணல் ஒரு பொட்டு இல்லாமல் துணியால் ஒற்றச் சொல்லுங்கள். ஈரத்தைவிட மணல்தான் அதிகம் வழுக்கும்.

எங்கே கை வைப்பது

வழக்கமாக நான்கு கால்பகுதிகள், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். நாங்கள் ஆறு நிமிடம் ஆடுகிறோம், இடையில் ஐந்து நிமிட ஓய்வு. ஆள் மாற்றத்துக்குக் கணக்குக் கிடையாது; ஆசிரியர் அணியில் ஒருவரும் தொடர்ந்து மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. “இன்னும் ஒரு நிமிடம் சார்” என்பார்கள். கேட்காதீர்கள்.

பந்து ஆசிரியர்களிடம் இருக்கும்போது நடுக்கோட்டைத் தாண்டும்வரை மாணவர்கள் தடுக்கக் கூடாது. இந்த ஒரு விதி இல்லையென்றால் ஆட்டமே இல்லை. பையன்கள் முழுக் களத்திலும் மறித்தால் ஆசிரியர்களால் பந்தை மேலே கொண்டுவரவே முடியாது. மாவட்ட அணியில் ஆடுகிற மாணவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் களத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டியைத் தொட்டில் வயதிலிருந்து பார்த்து வளர்கிற பிள்ளைகள் இவர்கள். ஐந்து பேரையும் சேர்த்து இறக்கினால் அது அடாவடி.

மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) எனக்கு அதிர்ஷ்டத்தில் கிடைத்தது. 2010-இல் அந்தக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது. நாங்கள் புதுக் கோட்டை மஞ்சளில் வரைந்தோம், பழைய வெள்ளைக் கோட்டை அழிக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டோம். இப்போது மாணவர்களுக்கு மஞ்சள், ஆசிரியர்களுக்கு வெள்ளை. அரை மீட்டர்தான். ஆனால் கணக்கு ஆசிரியர் அந்த அரை மீட்டரில் குடித்தனம் நடத்துகிறார்.

பந்து கையில் வந்த 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற விதியைத் தொடக்கத்தில் எடுத்துவிட்டிருந்தேன். தவறு. ஒரு வருடம் நான்கு புள்ளி முன்னிலையில் இருந்த ஆசிரியர்கள், எறியாமல் பந்தைத் தங்களுக்குள்ளேயே மூன்று நிமிடம் சுற்றவிட்டார்கள். வேடிக்கை பார்த்த ஆறாம் வகுப்புக் குழந்தைகள் எழுந்து வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலும் இப்படித்தான். 1950-இல் ஃபோர்ட் வெய்ன் அணி மின்னியாபொலிஸ் அணியை 19–18 என்று வென்ற ஆட்டம், பந்தைப் பிடித்துவைத்துக்கொண்டே ஆடியது. அந்தச் சலிப்பெல்லாம் சேர்ந்துதான் 1954-இல் 24 நொடி விதியாக வந்தது. நாங்கள் இப்போது நாற்பது வரை எண்ணுகிறோம். எண்ணுவது பார்வையாளர்கள், சத்தமாக. கடிகாரமும் வேண்டாம், குழந்தைகளும் வீட்டுக்குப் போவதில்லை.

கடைசி இரண்டு நிமிடத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது. நான் நீளமாக ஒரு விசில் அடிப்பேன். அதன் பிறகு முழுக்களத் தடுப்பு உண்டு, மாவட்ட வீரர்கள் எத்தனை பேரும் இறங்கலாம், எல்லோருக்கும் மஞ்சள் கோடுதான். அந்த விசிலுக்காகத்தான் ஊர்க்காரர்கள் மதில்மேல் ஏறி உட்காருகிறார்கள்.

ஐந்து ஃபவுல் செய்தவர் வெளியேற வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது. நடுவராகப் பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரை அழையுங்கள். பேருந்துக் கட்டணமும் ஒரு துண்டும் போதும். சொந்தப் பள்ளி ஆள் விசில் பிடித்தால், நியாயமாகவே ஊதினாலும் இரண்டு பக்கமும் முகம் சுளிக்கும். இருவர் சேர்ந்து பந்தைப் பிடித்துக்கொண்டால் அடுத்த முறை யாருக்கு என்று காட்ட மேசையில் ஓர் அம்புக்குறி வேண்டும். கரும்பலகை டஸ்டரில் சாக்கட்டியால் அம்பு போட்டுத் திருப்பித் திருப்பி வைக்கிறோம்.

பத்து ஆசிரியர்கள் தேறாத சிறிய பள்ளியென்றால் கவலைப்படாதீர்கள். அரைக் களம், பக்கத்துக்கு மூன்று பேர், பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி. டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்ட ஆட்டம் அது, யாரும் குறைவாக நினைக்க முடியாது.

அன்று

ஆசிரியர்கள் மதியம் பாதி வயிறு. இதை அவர்கள் வீட்டுக்கே சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும். மூன்றரைக்குப் பத்து நிமிடம் உடலைச் சூடுபடுத்துதல். எலுமிச்சைச் சாறு உப்புப் போட்டு, நீர்மோர் இரண்டு பானை. பனிக்கட்டிக்கு ஐஸ் கம்பெனி வரை போக வேண்டாம். ஆய்வகக் குளிர்பெட்டியில் பால் பாக்கெட் உறைகளில் தண்ணீர் நிரப்பி முந்தின நாளே வைத்துவிடுங்கள், கணுக்காலைச் சுற்றி நன்றாக ஒட்டும். ஒரு கார் மைதான வாசலில், முகப்பு வெளியே பார்த்தபடி, சாவி உங்கள் சட்டைப்பையில்.

வர்ணனையை மாணவர்களிடம் விடுங்கள், ஆனால் முன்கூட்டியே உட்காரவைத்துப் பேசுங்கள். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அது அவர்களுக்கும் தெரியும், தெரியாததுபோல இருப்பார்கள். ஒலிபெருக்கியில் வந்துவிட்டால் அப்படி இருக்க முடியாது. ஒருமுறை ஆட்டச் சூட்டில் ஒரு பையன் “பந்து இப்போது கொக்கின் கையில்” என்றான். மைதானம் உறைந்துபோனது. வேதியியல் ஆசிரியர் பந்தைப் பிடித்தபடி நின்று ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு எறிந்தார். விழுந்தது. அந்தப் பையனுக்கு அன்று கிடைத்த உயிர்ப்பிச்சை அது. எல்லா ஆசிரியரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பி இறங்காதீர்கள்.

முதல் பந்தைத் தலைமையாசிரியர் தூக்கிப் போடட்டும். புகைப்படம் எடுத்ததும் அவரைக் களத்திலிருந்து வெளியே கொண்டுவர ஒருவரைக் குறிப்பாக நிறுத்துங்கள்.

முடிந்ததும் உடனே உட்காரவிடாதீர்கள். வியர்வையோடு திண்ணையில் சாய்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். களத்தை இரண்டு சுற்று நடக்கச் சொல்லி, அதன் பிறகு சுண்டலும் தேநீரும். கோப்பை எங்களுக்கு ஒன்றே ஒன்று, பித்தளைச் செம்பு. யார் ஜெயித்தாலும் உட்கார்ந்திருப்பது அலுவலக அலமாரியில்தான். பதின்மூன்று ஆட்டக் கணக்கில் ஆசிரியர்கள் நான்கு, மாணவர்கள் ஒன்பது. முதல் மூன்றை நான் சேர்ப்பதில்லை.

கடைசி வேலை கால அட்டவணை. திங்கள்கிழமை முதல் பாடவேளை மாடியில் இருக்கும் ஆட்டக்காரர்களுக்குக் கீழ்த்தள வகுப்பை வெள்ளிக்கிழமையே மாற்றிவிடுங்கள். போன ஆண்டு கணக்கு ஆசிரியரின் பெயர் மட்டும் எப்படியோ விட்டுப்போயிற்று. திங்கள் காலை மாடிப்படியின் கீழே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவர் நிற்பதைப் பார்த்தேன். ஒரு படி ஏறி, இறங்கினார். என்னைக் கண்டதும், “சார், பதினொன்று அ பிரிவுக்கு இப்போது எனக்குக் கணக்கு. நீங்களே அவர்களை மைதானத்துக்கு அழைத்துப் போய்விடுங்களேன்” என்றார்.